பேட்டரி விளக்கு எரிகிறது. சென்னை வரை ஓட்டலாமா?

திருச்சி வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னுடையது 2014 மாடல் சிறிய பெட்ரோல் கார். இரண்டு நாளாக சிக்னலில் நிற்கும்போது மீட்டரில் சிவப்பு பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடுகிறது. செல்ஃப் முதல் அடியிலேயே எடுக்கிறது. பேட்டரி போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது. வெள்ளி இரவு குடும்பத்தோடு சென்னை கிளம்ப வேண்டும். இப்படியே போகலாமா, புது பேட்டரி போட்டுக்கொண்டு போகட்டுமா?"

வெள்ளி இரவு இந்த நிலையில் வண்டியை எடுக்காதீர்கள். புது பேட்டரியும் வாங்காதீர்கள்.

விளக்கில் பேட்டரி படம் போட்டிருப்பதால் பலரும் நேரே பேட்டரிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த விளக்கு சொல்வது, ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியை நிரப்பும் கருவியிலிருந்து, சார்ஜ் சரியாக ஏறவில்லை என்பதை. (பட்டறையில் இன்னமும் டைனமோ என்றுதான் சொல்வார்கள்.) மோட்டார் ஓடாவிட்டாலும் மேல்தொட்டியில் இருக்கிறவரை குழாயில் தண்ணீர் வரத்தானே செய்யும்? பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜில் உங்கள் செல்ஃப் எடுப்பதும் அப்படித்தான். புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

இருப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது கணக்குப்படி 35 ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும். ஹாலஜன் ஹெட்லைட் பல்பு ஒன்று 55 வாட். இரண்டுக்கும் 9 ஆம்பியர் போகும். ஃபியூயல் பம்ப், இக்னிஷன், இன்ஜெக்டர், ஈ.சி.யூ. (இன்ஜினின் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 10. ஏ.சி. போட்டால் ப்ளோயரும் ரேடியேட்டர் ஃபேனும் தலைக்குப் பத்துக்கு மேல் இழுக்கும். ஆக 40 ஆம்பியர் அளவில் செலவு. ஆல்டர்னேட்டர் முழுதாகக் கைவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது; வேகமாக இழுத்தால் பேட்டரி தன் முழுக் கொள்ளளவையும் தராது, அது காலியாகும் முன்பே இன்ஜின் நின்றுவிடும். சென்னை 330 கிலோமீட்டர். பெரம்பலூர் தாண்டுவதே சந்தேகம்.

அதே கார், பகல் நேரம், ஏ.சி. இல்லை, விளக்கு இல்லை என்றால் கதை வேறு. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் தாராளமாக ஓட்டிப் போகலாம். வழியில் இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள். மறுபடி செல்ஃப் அடிப்பதுதான் பேட்டரிக்குப் பெரிய செலவு.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டைப் பாருங்கள். சில கார்களில் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. அது அறுந்திருந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் சீல்) போய்விடும். விளக்கோடு டெம்பரேச்சரும் ஏறினால், அல்லது ஸ்டியரிங் திடீரென்று கனத்தால், அங்கேயே ஓரம் கட்டுங்கள். பழைய டீசல் வண்டிகள் சிலவற்றில் பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவம் பம்பே ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கும். அவற்றில் பெல்ட் போனால் பிரேக் கல் மாதிரி இறுகும்.

கடைக்குப் போகும் முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள்: 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்ட பிறகும் 13-க்கு மேலேயே நிற்க வேண்டும். ஓடும்போதும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது. அது பேட்டரியையும் கொதிக்க வைக்கும், ஈ.சி.யூ.வையும் கெடுக்கும். சிக்னலில் தானாக அணைந்து எழும் புதிய கார்களில் வோல்டேஜை வேண்டுமென்றே ஏற்றி இறக்குவார்கள். இந்த அளவுகளை அவற்றுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

மல்டிமீட்டர் இல்லையென்றால் சிலர் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, இன்ஜின் ஓடுகிறதா பார்ப்போம் என்பார்கள். அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய காரில் அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறும். எந்த மெக்கானிக் சொன்னாலும் தொடவிடாதீர்கள்.

மெதுவாக ஓடும்போது எரிந்து, ரேஸ் கொடுத்தால் அணைகிறது என்கிறீர்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம், காலையில் கீச்சென்று சத்தம் வந்தால் சந்தேகம் அதன் மேல்தான். இல்லாவிட்டால் என் பந்தயம், ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதன் மேல். பத்து வருடம் தாண்டிய ஆல்டர்னேட்டரில் அது இயல்பு. அதற்குள்ளேயே இருக்கும் டையோடு பிளேட்டில் ஒன்றிரண்டு டையோடு போயிருந்தாலும் இப்படி மங்கலாக எரிவதுண்டு. டெர்மினலில் பூத்த பச்சை உப்பையும் எர்த் ஒயரையும் முதலில் பார்த்துவிடச் சொல்லுங்கள், காசு இல்லாத வேலை. "புது ஆல்டர்னேட்டர்தான் போடணும்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லும் கடையைவிட, கழற்றிப் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் மாற்றித் தரும் எலக்ட்ரீஷியனிடம் போனால் செலவு பெருமளவு குறையும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒருவேளை நெடுஞ்சாலையிலேயே விளக்கு நிலையாக எரிந்துவிட்டால் ஏ.சி., ப்ளோயர், பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். இரவில் ஹெட்லைட்டை மட்டும் அணைக்கவே கூடாது. அடுத்த பெட்ரோல் பங்க்கோ டோல்கேட்டோ வரும்போது நிறுத்திவிடுங்கள். ஹெட்லைட் மங்கி, ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஸ்டியரிங் விளக்குகள் வரிசையாக எரிய ஆரம்பித்தால் மிச்சம் சில நிமிடம்தான். அதற்குள் ஹஸார்டு போட்டு இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். இன்ஜின் நின்ற பிறகும் ஒன்றிரண்டு மிதிக்கு பிரேக் இலகுவாகப் பிடிக்கும்; பிறகு முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

வேலை முடிந்ததும் பேட்டரியை ஓர் இரவு சார்ஜரில் போட்டு நிரப்பித் தரச் சொல்லுங்கள். இறங்கிப்போன பேட்டரியை ஓட்டியே நிரப்பப் பார்த்தால், சரி செய்த ஆல்டர்னேட்டர் சூட்டில் வாடும். மறுநாள் ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டும் மல்டிமீட்டரில் 13-க்கு மேலேயே நின்றால், சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடலாம்.