வேகமாக நீந்தும் கடல் மீனுக்கு எத்தனை அடி தொட்டி?

கேள்வி: மண்டபம் பகுதியில் கோமாளி மீன் குஞ்சுகளை வாங்கி, விற்பனை அளவுக்கு வளர்த்துக் கொடுக்கிறேன். 2 அடி, 4 அடித் தொட்டிகள் இருக்கின்றன. இப்போது கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் பவுடர் ப்ளூ டாங், ப்ளூ டாங், மூன் ராஸ் போன்ற மீன்களைக் கேட்கிறார்கள். வாங்கி வைத்து, தீனிக்குப் பழக்கிக் கொடுக்கலாம் என்று யோசனை. முன்பக்கம் ஒரு காட்சித் தொட்டியும் வைக்க வேண்டும். இடம் குறைவு என்பதால் 4 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி உயரத்தில் செய்யக் கண்ணாடிக்காரரிடம் பேசியிருக்கிறேன். 680 லிட்டர் வரும் என்கிறார். இந்த மீன்களுக்கு அது போதுமா?

பதில்: முன்பணம் கொடுக்கவில்லை என்றால் அந்த அளவை உடனே மாற்றச் சொல்லுங்கள். லிட்டர் கணக்கில் குறை இல்லை. 4×2×3 என்றால் 24 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 680 லிட்டர் சரிதான். ஆனால் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று செய்தாலும் அதே 24 கன அடிதான், அதே 680 லிட்டர்தான். டாங்குக்கு இரண்டாவது தொட்டி ஆகும், முதலாவது ஆகாது.

காரணம், இவை பக்கவாட்டில் ஓடும் மீன்கள். பவுடர் ப்ளூ பகல் முழுக்கப் பாறையில் பாசியைக் கொறித்துக்கொண்டே நகரும். மூன் ராஸ் ஒரு நிமிடம் நிற்காது. உயரத்தில் கூட்டிக் கொடுத்த ஓர் அடியை இவை பயன்படுத்துவதே இல்லை. கோமாளி மீன் தன் இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குள் காலம் தள்ளிவிடும். அதனால்தான் உங்கள் 2 அடித் தொட்டியில் ஒரு ஜோடி நன்றாக இருக்கிறது. அந்த அனுபவத்தை அப்படியே டாங்குக்குக் கொண்டுபோனால் நஷ்டம்தான்.

காற்றுக் கணக்கையும் பாருங்கள். 28 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 7.8 மி.கி. அளவு ஆக்சிஜன் பிடிக்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 6.4 மி.கி. தான் பிடிக்கும். இருப்பே குறைவு. ஓடும் மீன் செலவழிப்பதோ அதிகம். ஆக்சிஜன் உள்ளே இறங்குவது மேற்பரப்பு வழியாக. உங்கள் உயரத் தொட்டியின் மேற்பரப்பு 8 சதுர அடி, 6 அடித் தொட்டிக்கு 12 சதுர அடி. தண்ணீர் அதே அளவுதான், மூச்சு விடும் பரப்பு ஒன்றரை மடங்கு.

செலவிலும் உயரம்தான் அடிக்கும். கண்ணாடி மீது விழும் அழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்தது அல்ல. 2 அடி உயரத்துக்கு, மேலே பட்டை ஒட்டி, 12 மி.மீ. கண்ணாடி போதும். 3 அடி என்றால் 15 முதல் 19 மி.மீ. வரை போக வேண்டும். இன்னொன்று, 3 அடி ஆழத்தில் கை அடிமணலை எட்டாது. கை எட்டாத மூலையில்தான் தீனி அழுகும், செத்த மீன் கிடந்து அம்மோனியா ஏற்றும்.

சரி, எந்த மீனுக்கு எத்தனை அடி? கடையில் சொல்லும் “ஒரு அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர்” கணக்கை விட்டுவிடுங்கள். அது மீனின் எடையையும் பார்ப்பதில்லை, சுபாவத்தையும் பார்ப்பதில்லை. பிடிக்கும்போது இருக்கும் அளவை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். முழு வளர்ச்சியில் மீன் எத்தனை செ.மீ. என்று பாருங்கள். நீந்தும் வகைக்குத் தொட்டியின் நீளம் அதைப்போல் 8 முதல் 10 மடங்கு, அகலம் குறைந்தது 2 மடங்கு இருக்கட்டும். அகலம் எதற்கென்றால் மீன் வளைந்து திரும்ப. அகலம் போதாத தொட்டியில் மீன் கண்ணாடியில் உரசித் திரும்பும். இது சட்டமல்ல, வாங்கும் முன் போட்டுப் பார்க்கும் கணக்கு.

பவுடர் ப்ளூ 20 செ.மீ. தாண்டும். 9 மடங்கு என்றால் 180 செ.மீ., அதாவது 6 அடி. கன்விக்ட் டாங், மூன் ராஸ் இரண்டுக்கும் அதே 6 அடிதான். ப்ளூ டாங் 30 செ.மீ. வரை போகும், அதை 6 அடியில் சில காலம் வளர்க்கலாம், கடைசி வரை வைக்க 8 அடி வேண்டும். எம்பரர் ஏஞ்சல் 40 செ.மீ. எட்டும், அதற்கு 8 அடியாவது வேண்டும். 4 அடித் தொட்டிதான் இடமிருக்கிறது என்றால் 15 செ.மீ. அளவில் நிற்கும் கோலே டாங் ஒன்றை மட்டும் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வேங்கைக் கோடு போட்ட சிறிய மஞ்சள் பாரையும் வௌவால் போன்ற பேட் மீன் குஞ்சும் கடைகளில் அழகாக இருக்கும். முதலாவது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் மீன், இரண்டாவது அரை மீட்டர். இரண்டையும் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு விற்காதீர்கள்.

“தொட்டிக்குத் தக்கபடி மீன் சின்னதாகவே நின்றுவிடும்” என்று பலர் சொல்வார்கள். நிற்பது உண்மை, நன்றாக இருக்கிறது என்பது பொய். நெருக்கடியிலும் கழிவிலும் கிடக்கும் மீன் வளர்ச்சி குன்றும், முதுகு வளையும், ஆயுள் குறையும். டாங் வகையில் தலையிலும் பக்கக் கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழும்.

தொட்டி போதவில்லை என்பதை மீனே காட்டிவிடும். ஓரக் கண்ணாடியை ஒட்டி ஒரே தடத்தில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருக்கும். புதிதாக விட்ட முதல் இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் பயம் என்று விடலாம். இரண்டு வாரம் கழித்தும் அதே தடம் என்றால் இடப் பற்றாக்குறை, அல்லது கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தைப் பார்த்துச் சண்டை. கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு நாள் காகிதம் ஒட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் பிம்பம்தான் காரணம். நிற்காமல், மூக்கு நுனியில் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தால் மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டியதுதான்.

இனி 6×2×2 தொட்டியின் நடைமுறை. 680 லிட்டர் என்பது வெளி அளவு. கண்ணாடித் தடிமன், மேலே விடும் 5 செ.மீ. இடைவெளி, மணல், பாறை எல்லாம் போக உள்ளே நிற்பது சுமார் 550 லிட்டர். மருந்து போடுவதும் உப்பு கரைப்பதும் இந்த 550-ஐ வைத்துத்தான், அதோடு கீழே இருக்கும் சம்ப் (வடிகட்டும் தொட்டி) நீரையும் கூட்டி. செயற்கை உப்பு என்றால் லிட்டருக்கு 36 கிராம் கணக்கில் தொட்டிக்கு மட்டும் 20 கிலோ ஆகும்.

எடையை மறந்துவிடாதீர்கள். நீர் 565 கிலோ, கண்ணாடி 120 கிலோ, பாறையும் மணலும் 50 கிலோ, இரும்பு ஸ்டாண்டு தனி. கிட்டத்தட்ட 800 கிலோ, ஒரு சதுர மீட்டர் சொச்சத்தில் உட்காரும். வீட்டு மாடித் தளங்களுக்குப் பொதுவாகக் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஆகவே தரைத்தளத்தில், கெட்டித்த சிமென்ட் தரையில் வையுங்கள். ஸ்டாண்டின் மேல் பலகை மட்டமாக இருக்கிறதா என்று தண்ணீர் மட்டக் குழாய் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை 3 மி.மீ. தாழ்ந்தாலும் ஒட்டு அந்த மூலையில்தான் விடும். கண்ணாடிக்கு அடியில் 10 மி.மீ. தெர்மோகோல் விரிப்பது கட்டாயம்.

பாறை அடுக்குவதில்தான் பலர் நீந்தும் இடத்தைத் தொலைக்கிறார்கள். பின்கண்ணாடி நீளத்துக்கும் சுவர் மாதிரி அடுக்கினால் 2 அடி அகலத் தொட்டி 1 அடி அகலமாகிவிடும். இரண்டு தனிக் குவியலாக வையுங்கள், சுற்றிலும் கண்ணாடியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு. மீன் எட்டுப் போட்டுச் சுற்றி வர வழி கிடைக்கும், துரத்தப்படும் மீனுக்கு மறைந்துகொள்ளவும் இடம் கிடைக்கும். மொத்தப் பாறை தொட்டி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

அந்தப் பாறைக்காகக் கடலில் கை வைக்காதீர்கள். பவளம், செத்த பவளக்கல் உட்பட, 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, இன்றும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. கடல் குதிரையும் அப்படியே. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி எதையும் எடுக்க முடியாது. சுட்ட களிமண் பாறை அல்லது நன்றாக ஊறவைத்த சிமென்ட் பாறை போதும். சிமென்ட் பாறையை நன்னீரில் சில வாரம் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றிக் காரம் இறங்கிய பிறகு உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் பி.எச். ஏறும்.

நீரோட்டத்துக்கு, சம்பிலிருந்து ஏற்றும் பம்பு மணிக்குத் தொட்டி நீரைப்போல் 5 முதல் 8 மடங்கு தள்ளட்டும். இரண்டு முனைகளிலும் எதிரெதிராக வேவ் மேக்கர் (உள்ளே நீரோட்டம் எழுப்பும் சிறு பம்பு) வைத்து மொத்த ஓட்டத்தை 20 மடங்குக்கு மேல் கொண்டுவாருங்கள். டாங் அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்துவதுதான் அதற்கு உடற்பயிற்சி. சம்ப் 150 லிட்டராவது இருக்கட்டும், புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) அதற்குள் வரட்டும். சம்பை விளிம்பு வரை நிரப்பினால் கரண்டு போன நிமிடமே தரை நனையும்: மேல் தொட்டியில் 2.5 செ.மீ. நீர் இறங்கினாலே 26 லிட்டர் கீழே வந்துவிடும். 40 லிட்டர் காலி இடம் விடுங்கள். பம்பு நீர் விழும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து, நீர் பின்னோக்கி இழுப்பது அங்கேயே நிற்கும். அந்தத் துளையைப் பாசி அடைக்கும், வாரம் ஒருமுறை குத்திவிடுங்கள். இன்வெர்ட்டரில் வேவ் மேக்கர் ஒன்றை மட்டும் இணைத்தால் போதும், ஸ்கிம்மரும் விளக்கும் காத்திருக்கலாம்.

மன்னார் வளைகுடா நீரோ பாக் நீரிணை நீரோ, எடுக்கும் இடம் எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகையில் உப்பு இறங்கும், கலங்கலும் வரும். ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) பார்த்து ஆயிரத்துக்கு 33 முதல் 35-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாகும் நீருக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும், கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வெப்பம் 26 முதல் 28. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் தொட்டி வைத்தால் எந்த அளவும் காப்பாற்றாது.

மூன் ராஸ் துள்ளும். மேலே வலை மூடி போடாமல் அதை விடாதீர்கள். கனத்த கண்ணாடி மூடி காற்றோட்டத்தைக் கெடுக்கும்.

எத்தனை மீன்? 6 அடியில் பவுடர் ப்ளூ ஒன்றே ஒன்று. இரண்டு விட்டால் ஒன்று சாகும். அதோடு ஒரு மூன் ராஸ், ஒரு ஜோடி கோமாளி, நாலைந்து டாம்செல் (சிறு கடல் மீன்). முதலில் கோமாளியும் டாம்செலும், கடைசியில் பவுடர் ப்ளூ. அது முதலில் போனால் முழுத் தொட்டியையும் தன்னுடையதாக்கிக்கொண்டு பின்னால் வருவதை எல்லாம் அடிக்கும். புதுத் தொட்டியில், கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து நிற்க 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்கு முன் டாங் விட வேண்டாம். தீனிக்கு உங்கள் கரையிலேயே வளர்க்கும் கஞ்சிப்பாசி அருமையானது. நன்னீரில் அலசி, கல்லில் கட்டி உள்ளே விடுங்கள், மாலைக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

கையில் இருக்கும் 4 அடித் தொட்டிகளை விற்பனை மீனுக்கும் தனிமைப்படுத்தவும் வைத்துக்கொள்ளுங்கள். 6, 7 செ.மீ. டாங் குஞ்சை நாலைந்து வாரம் வைக்க அது போதும், தொட்டிக்கு ஒன்று, அல்லது துளையிட்ட அக்ரிலிக் தடுப்பு போட்டு இரண்டு. மணலும் பாறையும் வேண்டாம். 3, 4 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளை ஒளிந்துகொள்ளப் போடுங்கள். பவுடர் ப்ளூவுக்கு வெண்புள்ளி நோய் சீக்கிரம் தொற்றும். தாமிர சல்பேட் மருந்து கொடுப்பதானால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மி.கி. தாமிரம் குறைந்தது 3 வாரம் நிற்க வேண்டும், தினமும் தாமிரச் சோதனைக் கிட்டில் பார்த்து. காட்சித் தொட்டியில் இதைச் செய்யாதீர்கள்: பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி அளவைக் குழப்பும். டாங்கை வலையில் பிடிக்கவும் வேண்டாம். வாலடியில் இருக்கும் கத்தி முள் வலையில் சிக்கிக் கிழியும், உங்கள் விரலையும் கிழிக்கும். பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து, மீனை அதற்குள் ஓட்டி, நீரோடு தூக்குங்கள்.