பதில்: ஹட்டனில் ரிவர்ஸ் எடுக்கும்போது மதிலில் பட்ட பின் பஃபர்

காரின் பின் பஃபர் (பம்பர்) மதிலில் பட்டு உள்ளே பள்ளம் விழுந்திருக்கிறது, இடது மூலையில் கிளிப் விட்டு இடைவெளி தெரிகிறது, ஆனால் பெயின்ட் வெடிக்கவில்லை, கராஜில் முழு பஃபரையும் மாற்றச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அப்படியானால் மாற்ற அவசரப்பட வேண்டாம்.

வெளியே தெரிவது பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மூடி மட்டுமே. அடியைத் தாங்குவது அதன் பின்னால் இருக்கும் ஃபோமும், சேசிஸோடு போல்ட் பண்ணிய இரும்புச் சட்டமும். (சில சின்னக் கார்களில் பின்பக்கம் அந்தச் சட்டமே இருக்காது.) சில வேளை மூடி தானாக நிமிர்ந்துவிடும், ஆனால் உள்ளே ஃபோம் நசுங்கியே கிடக்கலாம். ஆகவே முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். டிக்கிக் கதவின் இரு பக்க இடைவெளியும் சமமா, ஸ்பெயார் வீல் குழியில் தகடு மடிந்திருக்கிறதா? மடிந்திருந்தால் அது டிங்கரிங் (தகடு நிமிர்த்தும்) வேலை.

தகடு சரியென்றால், வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். காலைக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். கேத்தலில் கொதித்த தண்ணீரைப் பள்ளத்தின் மேல் மெதுவாக ஊற்றி, தடித்த கையுறையோடு உள்ளிருந்து தள்ளுங்கள். நிமிர்ந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். ஹீட் கன் வேண்டாம், சூடு கூடினால் பெயின்ட் கொப்பளித்துவிடும்.

மூலை இடைவெளிக்குப் பெரும்பாலும் காரணம், மூடியின் ஓரத்தைப் பிடித்திருக்கும் பக்க பிராக்கெட் உடைந்திருப்பது. அதை மட்டும் தனியாக வாங்கலாம். ஸ்குரூ அடித்து இழுத்துப் பிடித்தால் அடுத்த தட்டலில் மூடியே கிழியும்.

உள்பக்கம் வெடிப்பு இருந்தால் பொலிப்ரொப்பிலீன் கம்பியால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். சாதாரணப் பசை அதில் ஒட்டாது.