கட்டைவிரலும் சுழலும் ஸ்பூலும்: பெய்ட்காஸ்டிங் மீன்பிடி ரீல் கேள்வி பதில்

கேள்வி: ஸ்பின்னிங் ரீலில் பல ஆண்டுகள் பழகியவன் நான். பெய்ட்காஸ்டிங் ரீலுக்கு மாறிப் பத்து நாளாகிறது. ஒரு வீச்சுகூடச் சிக்கில்லாமல் போகவில்லை. குறை என் கையிலா, ரீலிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. இரண்டு ரீல்களும் நரம்பை, அதாவது தூண்டில் இழையை, விடும் முறை வேறு. ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூல் அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உதிர்கிறது. பெய்ட்காஸ்டிங் ரீலிலோ, நரம்பின் நுனியில் கட்டிய இரை இழுக்க இழுக்க ஸ்பூலே சுழன்று நரம்பை விடுகிறது. நரம்பு சுற்றிய ஸ்பூலின் விட்டம் 34 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 107 மில்லிமீட்டர் நரம்பு வெளியேறும். இரை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், ஸ்பூல் நிமிடத்துக்கு 11,000 சுற்றுகளுக்கு மேல் சுழல வேண்டும். புறப்பட்ட கணத்திலிருந்தே காற்று இரையின் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் ஸ்பூலுக்கு அது தெரிய வழியில்லை. நரம்பால் ஸ்பூலை இழுக்கத்தான் முடியுமே தவிரத் தடுக்க முடியாது. ஆகவே ஸ்பூல் பழைய வேகத்திலேயே ஓடி, இரை எடுத்துக்கொள்ளாத நரம்பையும் அவிழ்த்து உள்ளேயே குவிக்கிறது. பேக்லாஷ் என்று நாம் சொல்லும் சிக்கு அதுதான்.

சிக்கு எந்த இடத்தில் விழுகிறது என்று கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். இரை புறப்பட்டுச் சில மீட்டர்களுக்குள் சிக்கினால், நீங்கள் கோலை வெடுக்கென்று உதறுகிறீர்கள், அல்லது பிரேக் போதவில்லை. இரை தண்ணீரைத் தொட்டபின் சிக்கினால், கட்டைவிரல் தாமதமாக இறங்குகிறது. ஸ்பின்னிங் ரீலில் பழகியவர்களிடம் முதல் வகைதான் மிகுதி, ஏனென்றால் அந்த ரீல் உதறலைப் பொறுத்துக்கொள்ளும். கோலின் நுனிக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு இரையைத் தொங்கவிட்டு, பின்னால் கொண்டுபோய், அதன் எடையில் கோல் வளைவதை உணர்ந்தபின், வேகம் படிப்படியாகக் கூடும்படி முன்னால் கொண்டுவாருங்கள். ரீலின் கைப்பிடி வானைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டால் அசைவு தடையின்றி வரும். பழகும்வரை இரையில் தூண்டில் முள் இருக்க வேண்டாம். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள்.

கேள்வி: ரீலின் இருபுறமும் திருகுகள் உள்ளன. எதை எவ்வளவு வைப்பது?

பதில்: கைப்பிடி இருக்கும் பக்கத்தில், மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் வெளியேறலாம் என்பதை அமைக்கும் நட்சத்திர வடிவ டிராக் சக்கரத்தை அடுத்திருக்கும் சிறிய திருகு டென்ஷன். பெரும்பாலான ரீல்களில் எதிர்ப்பக்கத் தகட்டில் இருப்பது பிரேக். இவ்விரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். டென்ஷன், ஸ்பூலின் அச்சை முனையில் அழுத்துகிறது. அந்த உராய்வு ஸ்பூல் வேகமாகச் சுழன்றாலும் மெதுவாகச் சுழன்றாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பிரேக் அப்படியன்று, வேகத்தோடு சேர்ந்து கூடும், குறையும். காந்தப் பிரேக்கில், காந்தங்களுக்கு அருகே உலோகம் சுழலும்போது அதில் எழும் சுழல் மின்னோட்டம் தடையாகிறது. வேகம் இருமடங்கானால் தடையும் ஏறக்குறைய இருமடங்காகும். மையவிலக்குப் பிரேக்கில் சிறு கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசுகின்றன. அங்கே வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். எனவே அது தொடக்கத்தில் பலமாகப் பிடித்து, முடிவில் விட்டுவிடுகிறது.

முதல் நாளுக்கு 14 கிராம் எடையுள்ள, முள்ளில்லாத பயிற்சிக் குண்டைக் கட்டுங்கள். பிரேக்கை முழு அளவில் வையுங்கள். கோலைக் கிடையாகப் பிடித்து ஸ்பூலை விடுவித்தால், குண்டு மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நின்றுவிடும் அளவுக்கு டென்ஷனைத் திருகுங்கள். எடையை மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கேள்வி: எந்த நிறுவனத்தின் ரீல் வாங்கலாம்?

பதில்: வாங்குவது குறித்து இங்கே நான் சொல்லப்போவதில்லை. பிரேக்கை வெளியிலிருந்தே மாற்றக்கூடியதாக இருந்தால் கற்பவருக்கு எளிது.

கேள்வி: விழுந்த சிக்கை எப்படிப் பிரிப்பது? நான் ஒவ்வொரு முறையும் வெட்டிவிடுகிறேன்.

பதில்: வெட்ட வேண்டியது அரிது. கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பிறகு ஸ்பூலை விடுவித்து நரம்பை மெல்ல வெளியே இழுங்கள். மேலே துருத்தி நிற்கும் வளையங்கள் படிந்துபோய், பெரும்பாலும் தாமாக அவிழ்ந்து வரும். வராவிட்டால் இன்னொரு முறை செய்யுங்கள். வளையத்தைப் பிடித்து வலுவாக இழுத்தால் நரம்பு மடிந்து, மடிந்த இடம் வலுவிழக்கும். ஸ்பூலுக்குள் கத்தியை விடாதீர்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால், வெட்டிய நரம்பை ஒரு துண்டுகூட விடாமல் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கரையில் விட்ட நைலான் நரம்பு பல ஆண்டுகள் மக்காமல் கிடந்து பறவைகளின் காலில் சுற்றிக்கொள்கிறது.

கேள்வி: இந்தப் பிரேக்குகளை நம்பச் சொல்வதே தவறு என்பது என் கருத்து. நாங்கள் கட்டைவிரலை மட்டுமே வைத்துக் கற்றோம். பிரேக் இருந்தால் விரல் சோம்பிவிடும்.

பதில்: ஐயா, விரலைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளர் ஜார்ஜ் ஸ்னைடர் பற்சக்கரங்களைச் சேர்த்துச் செய்த ரீல்களிலிருந்து, நெடுங்காலம் விரல்தான் பிரேக்காக இருந்தது. ஆனால் கற்பவரின் ஒரு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். பிரேக் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் பெரும்பகுதி சிக்கைப் பிரிப்பதிலேயே போய்விடும். முழுப் பிரேக்கில் அதே நேரத்தில் பல மடங்கு வீச்சுகள் கிடைக்கும். விரல் பழகுவதும் வீச்சில்தான்.

கேள்வி: நான் முன்பு எழுதியவன்தான். முழுப் பிரேக்கில் தொடங்கியவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் அதைக் குறைக்கவே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உண்மை ஐயா, நானும் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் சொன்னதில் விட்டுப்போன பாதியைச் சேர்த்துவிடுகிறேன். தொடர்ந்து பத்து வீச்சுகள் சிக்கில்லாமல் போனால் பிரேக்கை ஒரு படி குறைக்க வேண்டும். குறைத்ததும் ஸ்பூலின் மேல் நரம்பு லேசாகப் பொங்கும். அந்தப் பொங்கலை விரலின் ஓரத்தால் தொட்டு அடக்குவதுதான் பயிற்சி. அழுத்தம் வேண்டாம், உரசல் போதும். இரை தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் மட்டும் முழுவதும் அழுத்தி நிறுத்துங்கள். இப்படிப் படிப்படியாக இறங்கினால் நீங்கள் விரும்பும் இடத்துக்கே வந்து சேர்வார்கள்.

கேள்வி: இருவரும் பிரேக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். டென்ஷனை இறுக்கச் சொல்வதுதான் பெரிய தவறு. ஸ்பூலின் பக்கவாட்டு ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் திருகிவிட்டு, பிறகு அதைத் தொடவே கூடாது.

பதில்: இந்த முறையை ஆதரிப்பவர்களோடு நெடுநாள் வாதிட்டிருக்கிறேன், அவர்கள் பக்கம் உள்ள நியாயத்தை மறைக்க மாட்டேன். டென்ஷனின் உராய்வு குறையாமல் இருப்பதால், வீச்சின் பிற்பகுதியில், ஸ்பூல் தடையின்றி ஓட வேண்டிய நேரத்திலும் அது பிடித்துக்கொண்டே இருக்கிறது, தூரம் குறைகிறது. மேலும், எடை மாறும்போதெல்லாம் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னேன்; நடைமுறையில் பலர் அதைச் செய்வதில்லை. உங்கள் முறையில் அந்தத் தொல்லையே இல்லை. ஆயினும் பிரேக் ஸ்பூலின் வேகத்தை நம்பி வேலை செய்வது. இரை தண்ணீரைத் தொடும் நேரத்தில் வேகம் குறைந்திருக்கும். பிரேக்கின் பிடியும் தளர்ந்திருக்கும். விரலை நேரத்தில் இறக்கத் தெரியாதவருக்கு அந்தக் கடைசிக் கணத்தில் துணையாக இருப்பது டென்ஷன் மட்டுமே. எனவே முதல் சில நாள்களுக்கு என் முறை. விரல் நேரத்துக்கு இறங்கத் தொடங்கியதும் உங்கள் முறை. இதற்கு மேல் நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

கேள்வி: 4 கிராம் இரையை வீச முடியவில்லையே?

பதில்: சாதாரண ரீலில் அது கடினம், ஸ்பூலையும் அதில் சுற்றிய நரம்பையும் வேகப்படுத்த அந்த எடை போதாது. ஆழம் குறைந்த இலகு ஸ்பூல் கொண்ட ரீல்கள் அதற்கென்றே உள்ளன. இல்லாவிட்டால் ஸ்பின்னிங் ரீலையே பயன்படுத்துங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

கேள்வி: பின்னல் நரம்பில் கற்கலாமா?

பதில்: முதலில் வேண்டாம். 0.30 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள ஒற்றை இழை நைலான் நரம்பில் தொடங்குங்கள். மெல்லிய பின்னல் நரம்பு இழுவிசையில் கீழ் அடுக்குகளுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் ஸ்பூல் திடீரென நிற்க, இரை அறுந்து பறக்கும். பின்னாளில் மாறும்போது, அடியில் சிறிது நைலான் சுற்றி அதன்மேல் பின்னலைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் மொத்தச் சுற்றும் ஸ்பூலில் வழுக்கும். எந்த நரம்பானாலும் விளிம்புவரை நிரப்பாதீர்கள். 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

கேள்வி: எனக்கும் ஒவ்வொரு வீச்சிலும் சிக்குகிறது. என்ன செய்வது?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். சிக்கு தொடக்கத்தில் விழுகிறதா, முடிவிலா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: எதிர்க்காற்றில் மட்டும் சிக்குகிறது.

பதில்: இரையின் வேகம் இன்னும் சீக்கிரம் குறைகிறது, அதனால்தான். பிரேக்கை இரண்டு படி கூட்டுங்கள், கனமான, ஒடுங்கிய வடிவமுள்ள இரையைக் கட்டுங்கள், தாழ்வாக வீசுங்கள்.

கேள்வி: தூரம் போதவில்லை. பிரேக்கை முழுவதும் திறந்துவிடலாமா?

பதில்: கூடாது. ஒரு நேரத்தில் ஒரு படி. தூரத்தைத் தருவது கோலின் வளைவும் சீரான வீச்சும். இதே கேள்வியை இன்னும் மூவர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: பத்து வயது மகளுக்குக் கற்றுத்தர விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: புல்தரையில் தொடங்குங்கள், சிமெண்டுத் தரை நரம்பைத் தேய்த்துவிடும். முள்ளில்லாத குண்டு, கண்ணாடி, தொப்பி மூன்றும் கட்டாயம். ஸ்பூலிலிருந்து 25 மீட்டர் நரம்பை இழுத்துவிட்டு, மீதமுள்ள சுற்றின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, நரம்பைத் திரும்பச் சுற்றுங்கள். எவ்வளவு மோசமான சிக்கானாலும் நாடாவைத் தாண்டி உள்ளே போகாது. குழந்தையும் சலிப்படைய மாட்டாள். தூரத்தைக் கேட்காதீர்கள். பத்து மீட்டரில் ஒரு வளையத்தை வைத்து அதற்குள் விழச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: இருட்டில் இரை தண்ணீரைத் தொடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. விரலை எப்போது அழுத்துவது?

பதில்: நல்ல கேள்வி, இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். வீச்சு முழுவதும் விரல் ஸ்பூலுக்கு மேலே மயிரிழை இடைவெளியில் இருக்கட்டும். இரை வேகமிழக்கும்போது நரம்பு தளர்ந்து ஸ்பூலில் லேசாக மேலெழும்பும். அது விரலின் தோலில் மென்மையாகப் படும். அந்தத் தொடுகையைக் கண்ணைவிட முன்னதாக விரல் அறியும். அதைப் பழக இருட்டுக்குப் போக வேண்டியதில்லை. பகலில், திறந்த வெளியில், சுற்றிலும் ஆள் இல்லாதபோது, முள்ளில்லாத குண்டை வீசுங்கள்; குண்டு புறப்பட்டதும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்; விரல் சொல்லும்போது அழுத்துங்கள். குண்டு தரையில் விழும் ஓசை, நீங்கள் அழுத்திய பின்பு கேட்கிறதா, முன்பே கேட்டுவிடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். பின்பு கேட்கத் தொடங்கிய நாளில் இரவில் போகலாம்.