பயிற்சியில் தாண்டும் உயரத்தைப் போட்டியில் ஏன் தாண்ட முடிவதில்லை?

வணக்கம் அக்கா,

வடமராட்சியில் ஒரு பாடசாலையில் மெய்வல்லுநர் பயிற்றுநராக இருக்கிறேன். கோலூன்றிப் பாயும் மாணவி ஒருத்தி பயிற்சியில் 2.80 மீற்றர் தாண்டுவாள். இந்த முறை அகில இலங்கைப் போட்டியில் 2.50 இல் தொடங்கி, மூன்று முறையும் தட்டிவிட்டாள். "ஓடேக்க கால் என்ர கால் மாதிரியே இல்லை சேர்" என்று அழுதாள். புறப்படும்போது அதிபரும் நானும் "பள்ளிக்கூடத்தின்ர மானம் உன்ர கையிலதான்" என்று உற்சாகப்படுத்தித்தான் அனுப்பினோம். அவளுடைய மனதைத் திடப்படுத்த ஓர் ஊக்கப் பேச்சாளரைக் கூப்பிடலாம் என்கிறார் அதிபர். அவளோடு கதைத்து, என்ன பிரச்சினை என்று அறிக்கை தரும்படியும் கேட்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் மெத்தையின் ஓரத்தில் விழுந்து முழங்கையில் அடிபட்டவள். அந்தப் பயமோ என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம், வடமராட்சி

அன்புள்ள தம்பி,

பேச்சாளரைக் கூப்பிட வேண்டாம். அந்தக் காசை மெத்தைக்குச் செலவழியுங்கள்.

மெத்தையைப் பற்றி நீங்கள் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. தலைகீழாக உயரத்துக்குப் போய் முதுகில் வந்து விழுகிற விளையாட்டு இது. விழும் இடம் சரியில்லை என்று ஒருமுறை உடம்பு அறிந்துவிட்டால், அடுத்த முறை ஓடி வரும்போது அது கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்யும். அதைப் பதகளிப்பு என்று பெயரிட்டு மூச்சுப் பயிற்சி கொடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆபத்தான இடத்தில் வரும் பயம் சரியான பயம். மெத்தை அகலமாக இருக்கிறதா, துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறதா, கோலை ஊன்றும் பெட்டியின் ஓரம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திருத்திய பிறகும் பயம் நின்றால், குறைந்த ஓட்டத்தோடும் குறைந்த உயரத்தோடும் படிப்படியாகத் திரும்பக் கொண்டு வரலாம்.

ஆனால் அவள் சொன்ன அந்த ஒரு வசனம் இன்னொன்றையும் காட்டுகிறது. "கால் என்ர கால் மாதிரியே இல்லை." நன்றாகப் பழகிய அசைவை உடம்பு தன்பாட்டில் செய்துகொண்டு போகும். தோற்றால் என்ன நடக்கும் என்ற பாரம் ஏறியதும் மனம் அந்த அசைவைக் காவல் காக்கத் தொடங்குகிறது. இது எத்தனையாவது அடி, கை எவ்வளவு உயரம், கோலை எப்போது இறக்குவது என்று. உளவியலாளர் சியான் பைலொக்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், பந்தை உருட்டிக்கொண்டு ஓடும் உதைபந்தாட்டக்காரரிடம் பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். பழகியவர்கள் தங்கள் வலது காலால் ஆடும்போது, காதில் விழும் சொற்களைக் கவனித்துக்கொண்டு ஆடியதை விட மெதுவானார்கள். புதியவர்களுக்கோ பாதத்தைக் கவனிப்பது உதவியது. ஆகவே நுட்பத்தைத் திருத்துவதை எல்லாம் பயிற்சிக் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நாளில் வேலிக்கு வெளியே நின்று "முழங்காலைத் தூக்கு, கையை நீட்டு" என்று கத்துவதை நிறுத்த வேண்டும். உங்கள் மைதானத்தில் மட்டும் நடப்பதில்லை இது. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் எந்தப் போட்டிக்குப் போனாலும் என் காதில் விழுகிறது, ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது.

மானம் பற்றிய பேச்சும் அப்படித்தான். நல்லெண்ணத்தோடு சொன்னீர்கள், தெரியும். சென்றல், சென்ற் ஜோன்ஸ் கல்லூரிகளின் கிரிக்கெட் ஆட்டத்துக்குத் தொண்டை கிழியக் கத்தி வளர்ந்த ஊர் எங்களுடையது. ஆனால் ஒரே பேச்சு எல்லோரையும் ஒரே மாதிரித் தூக்குவதில்லை. விளையாட்டு உளவியலின் ஆரம்பமாகச் சொல்லப்படும் நோர்மன் ட்ரிப்ளெற்றின் 1898 ஆம் ஆண்டு ஆய்விலேயே இது தெரிந்தது. 40 சிறுவர்களிடம் தூண்டில் சுருளைத் தனியாகவும் போட்டியாகவும் சுற்றச் சொன்னார். 20 பேர் போட்டியில் வேகமானார்கள். 10 பேருக்கு வித்தியாசம் இல்லை. மிச்சம் 10 பேர் பதறி மெதுவானார்கள். உங்கள் அஞ்சலோட்ட அணியில் மானம் என்றதும் பறக்கிற பிள்ளை இருப்பாள். இவள் அவள் இல்லை. யாருக்கு எவ்வளவு உசுப்பு வேண்டும் என்று தனித்தனியாக அறிந்து வைத்திருப்பது பயிற்றுநரின் வேலையில் பாதி.

இனி நம்பிக்கைக்கு வருகிறேன். ஒரு காரியத்தை என்னால் செய்ய முடியும் என்ற எண்ணம் நான்கு வழிகளால் வருகிறது என்று உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977 இல் எழுதினார்: தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்யக் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, தன் உடம்பு காட்டும் அறிகுறிகளை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதுதான் மிக வலியது. பேச்சாளர் தரக்கூடியது மூன்றாவதை மட்டுமே, அது பஸ் ஏறும் முன்னமே கரைந்துவிடும்.

எனவே அவள் போட்டியையே செய்து பழக வேண்டும். கிழமையில் ஒரு நாள் மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, மூன்று வாய்ப்பு மட்டும் கொடுத்து, வெயிலில் காக்க வைத்துப் பாய விடுங்கள். ஓடுவதற்கு முன் அவள் செய்வது எப்போதும் ஒன்றாக இருக்கட்டும்: ஒரு நீண்ட மூச்சு, பெட்டியின் மேல் பார்வை, ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை அவளே தெரிவு செய்ய வேண்டும். நெஞ்சு படபடத்தால் "உடம்பு ஆயத்தமாகுது" என்று தனக்குச் சொல்லப் பழக்குங்கள், படபடப்பை அடக்கச் சொல்லாதீர்கள். அடுத்த போட்டியில் கீழ் உயரம் இருந்தால் அங்கிருந்தே தொடங்கட்டும். முதல் உயரத்தைத் தாண்டியது என்ற ஒன்று கையில் இருந்தால் மிச்சம் வேறு மாதிரிப் போகும்.

காணக் கிடைப்பவரும் முக்கியம். 1958 ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற எதிர்வீரசிங்கம் எங்கள் பெருமை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு, தெல்லிப்பழை மகாஜனாவில் படித்து, கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்த அனித்தா ஜெகதீஸ்வரன்தான் கிட்டிய ஆள். அவரும் இதே யாழ்ப்பாணத்து மண்ணில் ஓடித்தான் பாய்ந்தார். இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். 2009 ஓகஸ்டில் பெர்லின் உலக மெய்வல்லுநர் சம்பியன்ஷிப் போட்டியில் ரஷ்யாவின் கோலூன்றிப் பாயும் வீராங்கனை யெலேனா இசின்பயேவா மூன்று வாய்ப்பையும் தவறவிட்டு, ஒரு உயரமும் தாண்டாமல் வெளியேறினார். அதே மாதக் கடைசியில் சூரிச்சில் 5.06 மீற்றர் பாய்ந்தார். அந்த உலக சாதனை இன்றும் நிற்கிறது.

உங்கள் அடுத்த நாள்கள் பற்றியும் ஒரு தகவல். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்போல் பயிற்றுநர்கள் சிலருக்கு, பிழை விட்ட பிள்ளையைத் தேற்றுவது எப்படி, முயற்சியைப் பாராட்டுவது எப்படி என்று பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த பருவத்தில் அவர்களிடம் பழகிய பிள்ளைகளில் 5 வீதம் பேர் விலகினார்கள். மற்றப் பயிற்றுநர்களிடம் 26 வீதம். எங்கள் பெண் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையோடு மைதானத்தை விட்டுப் போவதற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்றாவது நாங்களாக இருக்கக் கூடாது.

அறிக்கை விடயம் எனக்குக் கவலை தருகிறது. "என்னோட கதை, யாருக்கும் சொல்ல மாட்டன்" என்று தொடங்கிவிட்டு அதை அதிபரின் மேசையில் வைத்தால், அவள் இனி எவரிடமும் வாய் திறக்க மாட்டாள். கதைக்க முன்னமே எதை வெளியே சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்று அவளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அவளுக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்றால் மட்டும் மறைக்க முடியாது என்பதையும் சேர்த்து. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, விளையாட்டுக்கு வெளியேயும் சிரிப்பு இல்லை என்று கிழமைக்கணக்கில் நீடித்தால் அது உங்கள் வேலையைத் தாண்டியது. பெற்றோருடன் கதைத்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

அதிபருக்கு எழுதுவதில் மூன்று விடயம் போதும்: மெத்தையின் நிலை, தொடங்கும் உயரத்தை மாற்றுவது, இனி வாராவாரம் நடத்தப்போகும் பயிற்சிப் போட்டி. அவள் அழுததும் சொன்னதும் அந்தத் தாளில் வர வேண்டாம்.

அன்புடன்,
அக்கா