கடிக்கிற சப்பாத்தும் லிப்ஸ்டிக் பொட்டும்

(பனிச்சறுக்குச் சப்பாத்துகளை இருபது வருடமாகச் சீர்செய்துவரும் நம் வாசகர் இம்மாதக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். அவருடைய பட்டறை சுவிஸில் இன்டர்லாக்கன் பக்கம்.)

கேள்வி: மகள் பள்ளிக்கூட ஸ்கீலாகருக்கு (பனிச்சறுக்கு முகாமுக்கு) போய்வந்து, "அம்மா, நீங்களும் வாங்கோ" என்று நச்சரித்ததால் மார்கழியில் ஸ்கீ பழகத் தொடங்கினேன். வழக்கமாக 39 சப்பாத்துப் போடுகிறவள். கழிவு விலையில் 26.5 அளவில் ஸ்கீ பூட்ஸ் ஒரு சோடி வாங்கினேன். போட்டு ஒரு மணித்தியாலம் தாங்காது. உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்றுக் கீழே ஓர் எலும்பில் ஆணி அடிப்பதுபோல வலி, சின்னவிரல் பக்கம் எரிவு, பிறகு பாதமே விறைத்துவிடும். இன்னும் ஒரு சைஸ் பெரிசாக வாங்கச் சொல்கிறார் கணவர். வாங்கட்டுமா?
— ஒரு வாசகி, தூன்

பதில்: வேண்டாம் தங்கச்சி. 39 போடுகிற காலுக்கு 26.5 இப்போதே பெரிசு. ஸ்கீ பூட்ஸில் போட்டிருக்கும் எண் பாதத்தின் நீளம், சென்ரிமீற்றரில். உங்களுக்கு அநேகமாக 24.5 அல்லது 25தான் வரும். இன்றிரவே குதிக்காலைச் சுவரோடு ஒட்டி நின்று, பெருவிரல் நுனிவரை அளந்து பாருங்கள்.

பெரிய பூட்ஸ் எப்படிக் கடிக்கும் என்று கேட்பீர்கள். என் முதல் குளிர்காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரில் வெறுங்காலோடு ஓடித்திரிந்த அகலப் பாதம் எனக்கு. கடையில் எடுத்துத் தந்தது இறுக்கம் என்று, இரண்டு சைஸ் கூட்டி வாங்கி, உள்ளே தடித்த சொக்ஸ் இரண்டு போட்டேன். திரும்பும் இடத்தில் ஸ்கீ ஒரு பக்கம் போக, கால் இன்னொரு பக்கம் போனது. ஆடுகிற காலைப் பிடித்துவைக்கப் பக்கிளை இறுக்கினேன். மத்தியானத்துக்குள் புறங்கால் மரத்துப்போனது. இறக்கத்தில் முன்னே இடித்து இடித்துக் கறுத்த பெருவிரல் நகம் இரண்டும் சித்திரையில் கழன்று விழுந்தன.

ஆகவே முதலில் ஒரு சோதனை. பூட்ஸின் உள்சப்பாத்தை உருவி எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல்கள் முன்சுவரைத் தொட நின்று, முழங்காலை மடித்து, குதிக்காலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் என்று பாருங்கள். ஒன்றரை சென்ரிமீற்றர் அளவில் என்றால் நல்லது. இரண்டு, பழகுபவருக்குப் பரவாயில்லை. மூன்று விரல் தாராளமாகப் போனால் அந்த ஓட்டுக்கு என்ன செய்தும் பிரயோசனமில்லை, விற்றுவிடுங்கள். இன்னொன்று, 26க்கும் 26.5க்கும் பெரும்பாலும் ஓடு ஒன்றுதான். அரை சைஸ் கூட்டினேன் குறைத்தேன் என்பதெல்லாம் உள்ளே இருப்பதில்தான்.

சரியான ஓடு கிடைத்த பிறகும் அந்த எலும்பு வலித்தால், உடனே பிளாஸ்டிக்கில் கை வைக்காதீர்கள். பாரம் ஏறும்போது உள்வளைவு சரிந்து, பாதம் நீண்டு, உள்பக்க எலும்பு போய்ச் சுவரில் முட்டுவதுண்டு. வளைவைத் தாங்கும் ஒரு நல்ல அடித்தட்டு போட்டாலே பாதிப் பேருக்கு என் பட்டறைக்கு வரத் தேவையில்லை. (முதலாளி இதை வாசிக்கமாட்டார், தமிழ் தெரியாது.)

அதற்கும் அடங்காவிட்டால்தான் ஓட்டின் பிளாஸ்டிக்கை வெளியே தள்ளுவது. வலிக்கும் எலும்பின் மேல் லிப்ஸ்டிக்கால் பொட்டு வைத்து, உள்சப்பாத்து இல்லாமல் காலை ஓட்டுக்குள் இறக்கி, அழுத்தி எடுப்பேன். சிவப்பு ஒட்டிய இடம்தான் குற்றவாளி. விரலால் தடவி மதிப்பிட்டால் ஒரு சென்ரிமீற்றர் பிழைத்துவிடும். பிறகு வலி அப்படியே இருக்கும், பூட்ஸில் ஒரு புடைப்புத்தான் மிச்சம். அந்த இடத்தைச் சூடான காற்றால் இளக்கி, அழுத்துகருவியால் உள்ளிருந்து வெளியே தள்ளி, ஆறும்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும். பிளாஸ்டிக் கொஞ்சம் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதனால் 5 மி.மீ. வேண்டுமென்றால் நான் 7 தள்ளுவேன். சின்னவிரல் பக்கத்துக்கும் இதே வைத்தியம். வீட்டில் தலைமுடி உலர்த்தியை வைத்துப் பார்க்க வேண்டாம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது: ஸ்பொஞ்சை உளுந்துவடைபோல நடுவில் ஓட்டையாக வெட்டி, எலும்பு அந்த ஓட்டைக்குள் வரும்படி உள்சப்பாத்தின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். எலும்பின் மேலேயே ஒட்டினால் வலி இரட்டிப்பாகும்.

விறைப்புக்குக் காரணம் புறங்காலின் மேல் வரும் பக்கிள். குதிக்காலை நிலத்தில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலை மடித்து, முதலில் முழங்காலுக்குக் கீழே உள்ள மேல் பக்கிள்களைப் பூட்டுங்கள். புறங்காலுக்குரியது வெறுமனே பிடித்திருந்தால் போதும். மெல்லிய நீண்ட சொக்ஸ் ஒன்றே ஒன்று. குளிர் உள்ளாடையின் விளிம்பு பூட்ஸுக்குள் போகக்கூடாது. அந்த மடிப்பு முன்காலெலும்பை அறுத்துவிடும். பூட்ஸை இரவில் காரின் டிக்கியில் விடாதீர்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் கல்லாகிவிடும், காலை உள்ளே விடவே அழவேண்டிவரும்.

கேள்வி: மகனுக்கு 11 வயது. அடுத்த வருடமும் போடலாம் என்று பெரிய பூட்ஸ் வாங்கலாமா?
— ஒரு தந்தை, பேர்ண்

பதில்: வாங்கவே வேண்டாம். பருவம் முழுவதற்கும் வாடகைக்கு எடுங்கள். தை மாதத்தில் கால் வளர்ந்துவிட்டால் மாற்றித் தருவார்களா என்று எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். "அவனுக்கு 37" என்று தகப்பன்மார் தனியே வந்து எடுத்துப்போன பூட்ஸ்தான் அடுத்த நாளே திரும்பி வருகிறது.