இணையவழிக் குழந்தைப் பாலியல் சுரண்டலைத் தடுக்கக் காவல்துறைக்கு எத்தகைய பயிற்சி தேவை? நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு நடைமுறையில் எப்படி இயங்குகிறது?

கேள்வி கேட்டவர் பயிற்சியையும் ஒத்துழைப்பையும் இரண்டு தனி விஷயங்களாகக் கேட்டிருக்கிறார். காவல்துறை அதிகாரிகளுக்கு டிஜிட்டல் தடயவியல் வகுப்பு எடுப்பவன் என்ற முறையில், இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து. மூன்று நாடுகளைக் கடந்து சில மணி நேரத்தில் வந்து சேர்ந்த ஒரு தகவல், அதைப் படிக்கத் தெரியாத ஒருவருடைய மேசையில் வாரக்கணக்கில் கிடக்குமானால், அந்த ஒத்துழைப்பு எத்தனை ஒப்பந்தங்களின் பேரில் நடந்திருந்தாலும் குழந்தைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

தகவல் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டு இணைய நிறுவனங்கள் தங்கள் தளத்தில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படம் இருப்பதை அறிந்தால், அதைக் காணாமற்போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1984இல் தொடங்கப்பட்ட அந்த மையம், 1998 முதல் 'சைபர் டிப்லைன்' என்ற தகவல் வழியை நடத்திவருகிறது. உலகின் பெரும்பாலான மக்கள் பயன்படுத்தும் சமூக ஊடகங்களும் மின்னஞ்சல் சேவைகளும் அமெரிக்க நிறுவனங்களுடையவை என்பதால், அங்கே பதிவாகும் தகவல்களில் மிகப் பெரும்பகுதி பிற நாடுகளைச் சேர்ந்தவை. அவை அந்தந்த நாட்டுக் காவல்துறைக்கு அனுப்பப்படுகின்றன. 2023இல் வந்த தகவல்கள் 3 கோடியே 62 லட்சம். 2024இல் இது 2 கோடியே 5 லட்சமாகக் குறைந்தது. குற்றம் குறைந்துவிட்டதென்று இதற்குப் பொருளில்லை. ஒரே சம்பவம் பற்றிய பல தகவல்களை ஒன்றாகத் தொகுத்து அனுப்பும் முறை வந்தது ஒரு காரணம். அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்திகள் முழுமையாக மறையாக்கம் செய்யப்படுவதால் நிறுவனங்களின் கண்ணுக்கே பல விஷயங்கள் தெரியாமற்போவது கவலை தரும் இன்னொரு காரணம்.

இத்தனை தகவல்கள் எப்படிச் சிக்குகின்றன? பெரும்பாலும் ஹாஷ் ஒப்பீட்டின் மூலம். ஹாஷ் என்பது ஒரு படத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும், அதன் கைரேகை போன்ற ஓர் எண். 2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மவுத் கல்லூரியில் அப்போது பேராசிரியராக இருந்த ஹனி ஃபரீதும் உருவாக்கிய ஃபோட்டோ டி.என்.ஏ., ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு படத்தை, அதன் அளவையோ நிறத்தையோ சற்று மாற்றியிருந்தாலும், அடையாளம் கண்டுவிடும். அறியப்பட்ட படத்தைத்தான் கண்டுபிடிக்கும் என்பதே அதன் எல்லையும்கூட. நேற்று எடுக்கப்பட்ட படத்துக்கு எந்தப் பட்டியலிலும் ஹாஷ் இருக்காது.

ஆகவே, காவல்துறைக்கு முதலில் வேண்டிய பயிற்சி தரம்பிரித்தல், அதாவது எது மிக அவசரம் என்று பிரித்தறிதல் என்பேன். 2020ஆம் ஆண்டின் இரண்டு மாதங்களில் தான் அனுப்பிய தகவல்களை ஆராய்ந்த ஃபேஸ்புக், அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே தெரிவிக்கப்பட்ட படங்களின் நகல்களோ அவற்றை ஒத்தவையோதான் என்றும், பாதிக்கும் மேற்பட்டவை வெறும் ஆறு காணொளிகளின் நகல்கள் என்றும் வெளியிட்டது. நகலைப் பரப்புவதும் குற்றம்தான். அந்தக் குழந்தைக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய காயம். ஆனால், நூறு தகவல்கள் அடங்கிய ஒரு கட்டில், இந்த நிமிடத்திலும் ஒரு வீட்டுக்குள் வன்முறைக்கு ஆளாகிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றிய தகவல் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். அதை வந்த வரிசைப்படி எடுத்தால் அதன் முறை எப்போது வரும்? படம் புதியதா, அனுப்பியவர் அதை எடுத்தவராகவே இருக்கக்கூடுமா, அவரோடு குழந்தைகள் வசிக்கிறார்களா, உரையாடலில் அடுத்த சந்திப்பைப் பற்றிய பேச்சு இருக்கிறதா என்று பார்த்து, அந்த ஒன்றை மேலே எடுத்து வைக்கும் கண் பழக்கத்தால்தான் வரும்.

அடுத்தது, தகவலைப் பிழையின்றிப் படிப்பது. வகுப்பில் நான் மிக அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான். ஓர் அறிக்கையில் ஐ.பி. முகவரியும் (இணைய இணைப்பு ஒன்றைச் சுட்டும் எண்) அதற்கருகே '14ஆம் தேதி, 19:40 யு.டி.சி.' என்ற நேரக் குறிப்பும் இருக்கும். யு.டி.சி. என்பது உலகப் பொது நேரம். யு.டி.சி.யைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊரில் அது 15ஆம் தேதி அதிகாலை 1:10 ஆகும். இதைக் கவனிக்காமல், இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடம் '14ஆம் தேதி இரவு 7:40க்கு இந்த முகவரி யாரிடம் இருந்தது' என்று கேட்டால், நிறுவனம் ஒழுங்காகவே ஒரு பெயரைத் தரும். அது வேறொருவருடைய பெயராக இருக்கும். ஏனெனில் அந்த முகவரிகள் நிலையானவை அல்ல, கை மாறிக்கொண்டே இருப்பவை. குற்றமற்ற ஒருவரின் வீட்டுக் கதவை விடியற்காலையில் தட்டி, அவருடைய பிள்ளைகளின் முன்னிலையில் கணினிகளைக் கைப்பற்றினால் அந்தக் குடும்பத்துக்கு ஏற்படும் அவமானத்தை எந்த மன்னிப்புக் கடிதமும் துடைக்காது. உண்மைக் குற்றவாளிக்கோ எச்சரிக்கையடையப் போதிய அவகாசம் கிடைத்துவிடும். கைப்பேசி இணைப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: பல வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே முகவரியில் ஒவ்வோர் இணைப்பையும் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கேட்டால்தான் நிறுவனத்தால் ஒருவரைச் சுட்ட முடியும். அந்த எண்ணை அறிக்கையில் எங்கே தேடுவது, அது இல்லையென்றால் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அரை நாளில் கற்றுத்தரக்கூடிய விஷயங்கள். அந்த அரை நாள் ஒதுக்கப்படாததால் வழக்குகள் சரிகின்றன என்பதே வருத்தத்துக்குரியது.

வீட்டுக்குள் நுழைந்த பிறகு செய்ய வேண்டியவையும் இதே அளவு நுணுக்கமானவை. ஓடிக்கொண்டிருக்கும் கைப்பேசியைக் கண்டதும் அணைத்துவிடுவது பலருக்குப் பாதுகாப்பான செயலாகத் தோன்றும். ஆனால் இன்றைய கைப்பேசிகள் பலவற்றில், ஒருமுறை திறக்கப்பட்ட பிறகு அணைக்கப்படாமல் இருக்கும் நிலையில் எடுக்க முடிகிற தரவுகள், அணைத்து மீண்டும் இயக்கும்போது கடவுச்சொல் இல்லாமல் எட்டாதவையாகிவிடுகின்றன. அணைக்காமல், வலைப்பின்னல் தொடர்பை மட்டும் துண்டித்து, சார்ஜ் தீராதபடி பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு செயலையும் நேரத்தோடு குறித்துவைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத் தெரிந்திருக்க வேண்டியவர் தலைமையகத்து நிபுணர் அல்லர். சோதனைக்குச் செல்லும் குழுவில் அந்தக் கைப்பேசியை முதலில் தொடும் காவலர்.

எனக்கு மிக நெருக்கமான பகுதி, பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காண்பது. ஒரு படத்தைப் பார்த்து, அதில் இருக்கும் குழந்தை யார், எங்கே இருக்கிறது என்று கண்டறியும் வேலை அது. வகுப்பில் வன்முறைப் படங்கள் எதையும் பயன்படுத்த வேண்டியதில்லை, பயன்படுத்தவும் கூடாது. ஒரு சாதாரண அறையின் புகைப்படத்தைத் திரையிட்டு, 'இது எந்த நாடு?' என்று மட்டும் கேட்பேன். முதலில் எல்லோரும் கட்டிலையும் சுவரையும் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் மின்செருகியின் துளைகள் எத்தனை, எந்த வடிவம் என்று கவனிப்பார். இன்னொருவர் மேசையோரம் கிடக்கும் மாத்திரை அட்டையில் பாதி தெரியும் எழுத்தைப் படிப்பார். மூன்றாமவர் சன்னல் கம்பியின் அமைப்பைப் பற்றிப் பேசுவார். வேறு வேறு பகுதிகளிலிருந்து வந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்போதுதான் படம் பேசத் தொடங்குகிறது: ஒருவருக்கு எதையும் சொல்லாத பள்ளிப்பை, மற்றொருவருக்குத் தன் மாவட்டத்துப் பள்ளியின் பெயரையே சொல்லிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல்துறை அமைப்பான யூரோபோல் 2017 முதல் பொதுமக்களிடம் கேட்பதும் இதைத்தான். குழந்தையும் வன்முறையும் முற்றிலும் நீக்கப்பட்ட, பின்னணிப் பொருள் ஒன்று மட்டும் தெரியும் துண்டுப் படங்களை வெளியிட்டு, 'இதை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?' என்று கேட்கிறது.

இதற்கு முன்னோடியாக 2007இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். வியட்நாமிலும் கம்போடியாவிலும் குழந்தைகள் மீது வன்முறை செய்து படம் எடுத்த ஒருவன், தன் முகத்தை மட்டும் சுழல்போலத் திரித்து இணையத்தில் பரப்பியிருந்தான். ஜெர்மனியின் கூட்டாட்சிக் குற்றவியல் காவல்துறை நிபுணர்கள் அந்தச் சுழலைத் திருப்பிச் சுற்றி முகத்தை மீட்டார்கள். அதன் பிறகும் ஆள் யாரென்று தெரியாததால், இன்டர்போல் அதுவரை இல்லாத வகையில் அந்த முகத்தை உலகத்துக்கே காட்டி உதவி கேட்டது. பல நாடுகளிலிருந்து தகவல்கள் வந்தன. இரண்டு வாரத்துக்குள் அவன் தாய்லாந்தில் கைதானான். தொழில்நுட்பம் ஒரு நாட்டில், படம் எடுக்கப்பட்ட இடம் வேறு நாடுகளில், கைது மற்றொரு நாட்டில்.

இன்டர்போல் 2009இல் தொடங்கிய பன்னாட்டுக் குழந்தைப் பாலியல் சுரண்டல் தரவுத்தளம் இந்த வேலையை அன்றாடமாக்கியது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பயிற்சி பெற்ற அதிகாரிகள் அதில் படங்களை ஒப்பிடுகிறார்கள். அதன் மிகப் பெரிய நன்மை, ஒரே குழந்தையை இரண்டு நாடுகள் தனித்தனியே தேடிக் காலத்தை வீணாக்காமல் இருப்பது. எப்போதோ மீட்கப்பட்டுவிட்ட குழந்தையின் கதவை இன்னொரு நாட்டுக் காவல்துறை மீண்டும் தட்டி, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கிளறுவதையும் அது தடுக்கிறது. ஆனால் தரவுத்தளம் தானாக நிரம்பாது. தன் வழக்கு முடிந்ததும் கோப்பை மூடிவிடாமல், கைப்பற்றிய படங்களை அதில் சேர்க்கும் பொறுப்புணர்வு ஒவ்வொரு விசாரணை அதிகாரிக்கும் வர வேண்டும். பயிற்சியில் இதை நான் கெஞ்சாத குறையாகச் சொல்வதுண்டு.

குழந்தையிடம் பேசுவது வேறொரு கலை. நேரடி வன்முறையை விசாரித்து அனுபவம் பெற்ற நல்ல அதிகாரிகள்கூட, படத்தை அனுப்பும்படி ஏமாற்றப்பட்டு, பிறகு அதையே காட்டி மிரட்டப்படும் சிறுவன் அல்லது சிறுமியிடம் 'நீ ஏன் அனுப்பினாய்?' என்று கேட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு கேள்வியோடு குழந்தையின் வாய் அடைத்துவிடும். மிரட்டுபவன் ஏற்கெனவே 'குற்றம் உன்னுடையது' என்று நம்பவைத்திருக்கிறான். காவல்துறையும் அதையே சொல்வதாகக் குழந்தைக்குக் கேட்கிறது. திறந்த கேள்விகளைக் கேட்பது, சொல்லிமுடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்பது, ஒரே கதையைப் பத்துப் பேரிடம் சொல்லவைக்காமல் ஒருமுறை முறையாகப் பதிவுசெய்வது ஆகியவை பயிற்சியால் வரக்கூடியவை. ஐஸ்லாந்து 1998இல் தொடங்கிய 'பார்னஹூஸ்' இல்லத்தில் மருத்துவர், விசாரணையாளர், உளவியலாளர் என அனைவரும் குழந்தை இருக்கும் இடத்துக்கே வருகிறார்கள். குழந்தை அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாடுகளுக்கிடையே முறைப்படி ஆதாரம் கேட்டுப் பெறும் வழி மெதுவானது, மாதங்கள் ஆகும். அதுவரை தரவு அழியாமல் இருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டின் புதாபெஸ்ட் உடன்படிக்கை இதற்காகவே தரவை உடனடியாகப் பாதுகாத்து வைக்கக் கோரும் வழியையும், வாரம் முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் தொடர்பு மையங்களையும் உருவாக்கியது. இணைய நிறுவனங்கள் தாங்கள் தெரிவித்த தகவல் தொடர்பான தரவை வைத்திருக்க வேண்டிய காலத்தை 90 நாளிலிருந்து ஓராண்டாக அமெரிக்கா 2024இல் நீட்டித்தது. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இணையக் குற்ற உடன்படிக்கையிலும் குழந்தைகள் மீதான இந்தக் குற்றங்கள் இடம்பெற்றுள்ளன. ஆனால் பாதுகாப்புக் கோரிக்கையை முதல் நாளே அனுப்ப வேண்டும் என்று தெரியாத அதிகாரிக்கு இந்த வசதிகள் இருந்தும் இல்லாதவையே.

பயிற்சி குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு 'வெல்கம் டு வீடியோ' வழக்கைவிட நல்ல சான்று இல்லை. சிறப்பு மென்பொருள் வழியாக மட்டுமே எட்டக்கூடிய இருண்ட இணையத்தில், பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தை வாங்கிக்கொண்டு வன்முறைக் காணொளிகளை விற்ற அந்தத் தளத்தைத் தென்கொரியாவிலிருந்து ஒருவன் நடத்தினான். அதை வீழ்த்தியதில் முன்னணியில் நின்றவர்கள் அமெரிக்க வருமானவரித் துறையின் குற்றப் புலனாய்வாளர்கள். அவர்கள் பணம் போன தடத்தைப் பின்பற்றினார்கள். தென்கொரிய, பிரிட்டிஷ் காவல்துறைகளும் சேர்ந்த அந்த நடவடிக்கை 2019இல் அறிவிக்கப்பட்டபோது, 38 நாடுகளில் 337 பேர் கைதாகியிருந்தார்கள். குறைந்தது 23 குழந்தைகள் மீட்கப்பட்டிருந்தார்கள். அரசு வழக்கறிஞர்களும் நீதிபதிகளும்கூட ஹாஷ் என்றால் என்ன, அது ஏன் நம்பத்தகுந்தது என்று அறிந்திருக்க வேண்டும்; இல்லையேல் நல்ல ஆதாரமும் நீதிமன்றத்தில் தடுமாறும்.

இந்தப் படங்களை நாள்தோறும் பார்ப்பவர்களின் மனநலத்தைப் பற்றிப் பேசாத பயிற்சியை நான் முழுமையான பயிற்சியாக ஏற்பதில்லை. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது, ஒலி தேவையானால் அதைத் தனியாகக் கேட்பது, படத்தைச் சிறிதாக்கிக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது, பணி முடியும் கடைசி நேரத்தில் பார்க்காமல் இருப்பது, தனியறையில் ஒருவராக உட்காராமல் இருப்பது ஆகியவை எளிய நடைமுறைகள். ஆனால் யாராவது முதல் நாளே சொல்லித்தர வேண்டும். உளவியல் ஆலோசனையை, உடைந்துபோனவர்களுக்கான சிகிச்சையாக வைக்காமல், எல்லோருக்கும் கட்டாயமான வழக்கமாக வைத்தால்தான் தயக்கமின்றி வருவார்கள்.

கடைசியாக, எந்த வகைப் பயிற்சி பலன் தருகிறது என்ற கேள்விக்கு என் பதில் இது. ஒரே அறையில் விசாரணை அதிகாரி, அரசு வழக்கறிஞர், குழந்தைகள் நல அலுவலர், இணைய நிறுவனத்தின் பிரதிநிதி, அண்டை நாட்டு அதிகாரி ஆகியோரை உட்காரவைத்து, ஒரு கற்பனை வழக்கை முதல் தகவலிலிருந்து தீர்ப்புவரை நடத்திப் பார்க்கும் பயிற்சிதான் சிறந்தது. அங்கே உருவாகும் அறிமுகம், பிறகு உண்மையான வழக்கில் நள்ளிரவில் ஒருவரை அழைத்து 'இது அவசரம், உடனே பாருங்கள்' என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. எந்த ஒப்பந்தமும் அந்த உரிமையை அவ்வளவு விரைவாகத் தருவதில்லை. ஆனால் பல இடங்களில், இப்படிப் பயின்ற அதிகாரி ஓராண்டுக்குள் போக்குவரத்துப் பிரிவுக்கோ வேறெங்கோ மாற்றப்படுகிறார். அவருடைய அறிவும் தொடர்புகளும் அவரோடு போய்விடுகின்றன. இந்தப் பிரிவில் பயிற்சி பெற்றவர்களைக் குறைந்தது மூன்றாண்டுகளாவது அதே பணியில் வைத்திருக்க வேண்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால், அடுத்து வருபவர் சில மாதங்களாவது அவரோடு சேர்ந்து வழக்குகளை நடத்திப் பழகிய பிறகே அனுப்ப வேண்டும். பயிற்சித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் அரசுகள் இந்த ஒரு நிபந்தனையையும் அதோடு சேர்த்து எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.