எந்த ஊர், எந்த மாதம்? டாங்கி மாடல் செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கிட் பெட்டியில் வந்த உதிரிகளில் எதை ஒட்டுவது, எதை விடுவது? பசை பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் டாங்கி எந்த ஊரில் எந்த மாதம் நிற்கிறது என்று முடிவு செய்துவிடுங்கள். அது தெரிந்துவிட்டால் இந்தச் சந்தேகங்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

டைகர் டாங்கியை 1943 குர்ஸ்க் சண்டையில் இருந்ததுபோல் செய்ய ஆசை. கிட்டில் 'சிமெரிட்' பூச்சுக்கான வரி போட்ட தகடுகள் இருக்கின்றன. ஒட்டலாமா? (கோவை)

ஒட்டாதீர்கள். சோவியத் மண்ணில் குர்ஸ்க் தாக்குதலை ஜெர்மானியர்கள் தொடங்கியது 1943 ஜூலை 5. ஜெர்மன் தொழிற்சாலைகள் சிமெரிட் பூச ஆரம்பித்தது அந்தக் கோடை முடிகிற சமயத்தில்தான். அதனால் சிமெரிட் பூசிய டைகர் எதுவும் குர்ஸ்க் களத்துக்குப் போயிருக்க வழியில்லை.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். டரெட் (பீரங்கி பொருந்திய, சுழலும் மேல்பகுதி) மேலே இருக்கும் கமாண்டர் கூண்டு உயரமான டிரம் வடிவத்தில் இருந்தால் அது பழைய டைகர், குர்ஸ்குக்குச் சரி. தாழ்வான வார்ப்புக் கூண்டு என்றால் பிந்தைய வடிவம். அப்புறம் சக்கரங்கள். வெளியே ரப்பர் விளிம்பு இல்லாத ஸ்டீல் சக்கரங்கள் 1944-இல்தான் வந்தன. தாழ்வான கூண்டு, ஸ்டீல் சக்கரம், சிமெரிட் மூன்றும் உங்கள் பெட்டியில் இருந்தால், குர்ஸ்கை அடுத்த கிட்டுக்கு வைத்துக்கொண்டு இதை 1944-இல் பிரான்ஸின் நார்மண்டியில் நின்ற டைகராகச் செய்யுங்கள். நன்றாக வரும்.

சிமெரிட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கண்ணிவெடியை எதிரி நேரடியாக இரும்பில் வைத்துவிடாமல் தடுக்கத்தான் இந்தப் பூச்சு. பேரியம் சல்ஃபேட், மரத்தூள், காவி நிறமி, பசை எல்லாம் கலந்த களிம்பு அது. அப்படிப்பட்ட வெடியைப் பெரிய அளவில் வைத்திருந்தது ஜெர்மானியர்கள்தான். எதிர்த்தரப்பு அதை அதிகம் பயன்படுத்தவே இல்லை. குண்டு பட்டால் பூச்சு தீப்பிடிக்கும் என்று பேச்சு கிளம்பியதும் 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

நார்மண்டி டைகருக்குக் கையால் போடுவதென்றால் எபாக்சி புட்டி போதும். மெல்லிய தாள் அளவுக்குத் தேய்த்து, தண்ணீரில் நனைத்த பல்லுள்ள தகட்டால் வரி வரியாக அழுத்துங்கள். நனைக்காவிட்டால் புட்டி தகட்டோடு வந்துவிடும். வரிகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டாம். நிஜத்திலும் அது ஆள் கையால் இழுத்ததுதான். மூலைகளிலும் மட்கார்டு ஓரங்களிலும் கொஞ்சம் பெயர்த்து விடுங்கள்.

ஷெர்மன் டாங்கியின் முகப்பில் பல் பல்லாக ஓர் இரும்புக் கொம்பு வருகிறது. நான் டி-டே கடற்கரைக் காட்சி செய்கிறேன். அதைப் பொருத்தலாமா? (ஈப்போ)

டி-டே, அதாவது நேசப்படைகள் நார்மண்டி கடற்கரையில் இறங்கிய நாள், 1944 ஜூன் 6. அந்தக் கொம்பு அன்றைக்கு யார் மனதிலும் இல்லை. நார்மண்டியின் உள்நாட்டு வயல்களைச் சுற்றி மண்மேடும் அதன்மேல் அடர்ந்த வேலியுமாக இருக்கும். மேட்டில் ஏறும் டாங்கி தன் மெல்லிய அடிவயிற்றை எதிரிக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு வழி தேடியபோதுதான் அமெரிக்கப் படையின் சார்ஜென்ட் கர்ட்டிஸ் கலின், கடற்கரையில் ஜெர்மானியர்கள் நட்டு வைத்திருந்த தடுப்பு இரும்புகளையே வெட்டி இந்தக் கொம்பைச் செய்தார். ஜூலை 25-இல் தொடங்கிய 'கோப்ரா' தாக்குதல் வரை அதை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். கடற்கரை ஷெர்மனுக்கு வேண்டியது வேறு: ஆழமான தண்ணீரில் இன்ஜின் மூச்சுவிட, பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் உயரமான காற்றுக்குழாய்கள்.

பிறகு ஜூலைக் கடைசிக் காட்சி செய்யும்போது கொம்பைப் பொருத்துங்கள். ஆனால் கிட்டில் வருவது மிகவும் சுத்தமாக இருக்கும். களத்துப் பட்டறையில் அவசரமாகப் பற்றவைத்த வேலை அது. உதிரிகள் வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் முடி போல நூல் வரும். அதை மூட்டில் வைத்து, திரவப் பசையை இரண்டு மூன்று தடவை தடவுங்கள். இளகியதும் கத்தி நுனியால் நெருக்க நெருக்கமாகக் குறுக்கே அழுத்திக்கொண்டே போனால் வெல்டிங் தழும்பு அப்படியே வந்துவிடும்.

டி-34 டரெட்டில் நடுவே ஒரு மேடு ஓடுகிறது. உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்கிவிட்டேன். சரிதானே? (மதுரை)

அந்த மேடு நிஜ சோவியத் டாங்கியிலும் இருந்தது, ஐயா. வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேரும் தடம் அது. அடுத்த டி-34-இல் விட்டுவிடுங்கள். இப்போது செய்ததைச் சரிக்கட்டுவது கஷ்டமில்லை. புட்டியைத் திரவப் பசையில் நீர்க்கக் கரைத்து, மயிர் குட்டையாக வெட்டிய பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி வையுங்கள். கரடுமுரடான வார்ப்புத் தோல் வந்துவிடும்.

முக்கியமான ஒரு விதிவிலக்கு, உரால்மாஷ் ஆலை பெரிய பிரஸ்ஸில் அழுத்தி எடுத்த டரெட். அது வழவழப்பாகவே இருக்கும். டி-34-ஐப் பொறுத்தவரை எந்த ஆலை என்பதும் எந்த மாதம் என்பதற்குச் சமமான கேள்விதான். 1942-இல் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலை வெளி விளிம்பு முழுக்க இரும்பாக இருக்கும் சக்கரங்களைப் போட்டு அனுப்பியது. பழுது பார்க்கும்போது கிடைத்த சக்கரத்தைப் போட்டதால் ஒரே டாங்கியில் இரண்டு மூன்று வகையும் இருக்கும். அப்படிக் கலந்து போடுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

டி-34-85-க்கு வெள்ளைப் பட்டை டீக்கால் எதற்கு? (சேலம்)

1945 பெர்லின் சண்டைக்கு. தன் தரப்பு விமானங்களே சுட்டுவிடாமல் இருக்க டரெட்டைச் சுற்றிப் பட்டையும் கூரையில் சிலுவையும் போட்டார்கள். டீக்காலை (கிட்டில் வரும் ஒட்டுப்படத்தை) ஒட்டுவதைவிட, பிரஷ்ஷால் கொஞ்சம் கோணலாக இழுத்தால்தான் உண்மை போலத் தெரியும்.

எரிந்துபோன டாங்கி செய்ய வேண்டும். எங்கெல்லாம் துரு போடுவது? (யாழ்ப்பாணம்)

எரியாத டாங்கியில் துரு குறைவு என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல டாங்கிகள் களத்தில் சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. கவசத் தகடு ஓட்டை வாளி மாதிரித் துருப்பிடிக்க அவகாசமே கிடைக்கவில்லை. புகைக்குழாய், பெயின்ட் உரிந்த ஓரங்கள், அவ்வளவுதான்.

எரிந்தது வேறு. பெயின்ட் மொத்தமும் போய், வெறும் இரும்பு மழையில் நனைந்தால் சில நாட்களிலேயே செம்மஞ்சள் துரு ஏறிவிடும். அதனால் நிறத்தைத் தீயின் போக்கில் யோசியுங்கள். ஹேட்ச் (ஆள் ஏறி இறங்கும் மூடி), இன்ஜின் மூடி, டரெட் வளையம் வழியாகத்தான் நெருப்பு வெளியே வரும். அங்கே சாம்பல் வெளுப்பு, அதைச் சுற்றித் துரு, தள்ளிப்போகப் போகக் கரி, தீ எட்டாத மூலையில் பழைய பெயின்ட். சக்கர ரப்பர் எரிந்து போயிருக்கும். அதனால் விளிம்பை அறுத்து எடுத்துவிட்டு வெறும் இரும்பு வட்டத்தை மட்டும் விடுங்கள். கடும் சூட்டில் ஸ்பிரிங்குகள் வலுவிழந்து வண்டி ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். எவ்வளவு அழகாகத் துரு தீட்டினாலும், சக்கரத்தில் முழு ரப்பரோடு நேராக நிமிர்ந்து நிற்கிற டாங்கி எரிந்ததாகவே தெரியாது.

மேட் வார்னிஷ் அடித்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. (சென்னை)

மழைக்கால வேலை. கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. பதறாமல் ஒரு வெயில் நாள் வரும்வரை வைத்திருங்கள். பிறகு மெல்லியதாக ஒரு கிளாஸ் கோட் அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். அதன்மேல் மறுபடி மேட். நவம்பரில் லாக்கர் வகை வார்னிஷ் அடிக்கவே வேண்டாம் என்பேன். அடித்தே ஆகவேண்டும் என்றால் மெதுவாகக் காயவைக்கும் தின்னர் கலந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே நேரம் விட்டு அடியுங்கள்.

இந்திய ராணுவ டாங்கி செய்ய ஆசை. கடையில் கிட்டே கிடைப்பதில்லையே? (திருச்சி)

ஆவடியில் செய்த விஜயந்தாவைத்தான் நினைக்கிறீர்கள் என்றால் கஷ்டம்தான். ஆனால் எங்கும் கிடைக்கும் எம்5 ஸ்டூவர்ட் (அமெரிக்க இலகு டாங்கி) கிட்டிலேயே அருமையான இந்தியக் கதை இருக்கிறது: 1948 நவம்பர் 1, காஷ்மீரின் சோஜி லா கணவாய்.

கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரம். அங்கே டாங்கி ஏறும் என்று கணவாயைப் பிடித்திருந்த பாகிஸ்தான் தரப்பு நினைக்கவே இல்லை. ஏழாவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட்களை, டரெட்டைக் கழற்றி மூடி மறைத்து, ஸ்ரீநகருக்குக் கொண்டுபோனார்கள். பால்தாலிலிருந்து கணவாய்க்கு டாங்கி போகும்படி பாதையை அகலப்படுத்திக் கொடுத்தது ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். தளபதி திம்மய்யா தலைமையில் நடந்த அந்தத் தாக்குதலில் கணவாய் கைக்கு வந்து, லடாக்குக்கு வழி திறந்தது.

ஜெர்மன் டாங்கிக்குப் போடுகிற செம்மண் சேற்றை இங்கே போடாதீர்கள். உடைந்த பாறைத் தூளின் சாம்பல் நிறம், டிராக் இடுக்குகளில் அழுக்கேறிய பனி, வீரர்களுக்குக் கனத்த கோட்டு. டரெட் இல்லாத ஸ்டூவர்ட் ஒன்று, மேலே தார்ப்பாய் போர்த்தி, மலைப்பாதையில் நிற்கிற மாதிரிகூடச் செய்யலாம். தார்ப்பாய்க்கு டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தினால் போதும். யாராவது செய்தால் படம் அனுப்புங்கள், மிகவும் சந்தோஷப்படுவேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு முதல் கிட்: 1/35 வாங்கலாமா, 1/72 வாங்கலாமா? (தஞ்சாவூர்)

1/35, அதாவது நிஜ டாங்கியில் 35-இல் ஒரு பங்கு அளவு. உதிரிகள் கைக்கு அடங்கும், தவறினாலும் தேடி எடுத்துவிடலாம். உலோகத் தகட்டு உதிரி வரும் விலை உயர்ந்த கிட் இப்போது வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்துப் பசை போடச் சொல்லுங்கள். கத்தி எடுக்கும்போது மட்டும் முதல் கொஞ்ச நாள் பக்கத்தில் உட்காருங்கள்.